ருசி பார்ப்பது சாப்பாடு ஆகுமா?

போன வாரம் நாம் விட்ட இடத்தில் மருமகள் பல் தேய்த்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். இப்போது பல் தேய்த்து முடித்துவிட்டாள். அழுகை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கேக் கடை. கடைக்குப் பின்னால் பட்டறை, பட்டறைக்கு மேலே வீடு. மருமகள் ஓவனைப் பார்த்துக்கொள்கிறாள், மாமியார் க்ரீம் அடிக்கிறாள். மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் அவனுக்குச் சாலைதான் வீடு. அக்கம்பக்கத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் மாமியாரின் கை பட்ட க்ரீம்தான் கேக்கின் மேல் ஏறும். அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் ‘க்ரீம் அம்மா’.

அந்த க்ரீம் அம்மாவுக்குத்தான் ரத்தப் புற்றுநோய்.

உடனே ‘ஐயோ’ என்று பத்திரிகையை மூடிவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோயில் தடதடவென்று ஓடி வருகிற வகையும் உண்டு, மெல்ல மெல்ல நடந்து வருகிற வகையும் உண்டு. இது இரண்டாவது வகை. இதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. பழைய மாத்திரை நல்ல மாத்திரை. புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அது அதைவிட நல்லதா என்று மருத்துவமனையில் ஆய்வு நடத்துகிறார்கள். நோய் இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். மாமியாரிடமும் ‘சேர்கிறீர்களா’ என்று கேட்டார்கள்.

“எங்கம்மா என்ன சோதனை எலியா?” என்று மகன் கதவை அறைந்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். மருமகள்தான் டாக்டரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாள், திருப்தியான பிறகு மாமியாரிடம் வந்து, “அத்தை, சேரலாம்” என்றாள். மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. “நீ சொன்னா சரி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். குலுக்கலில் அவளுக்குப் புதியது விழுந்தது.

அந்த ‘நீ சொன்னா சரி’தான் மூன்று மாதமாக மருமகளின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மருந்து கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஒரு பயம். கேட்காவிட்டால் கணவன் முகத்தில் எப்படி விழிப்பது என்பது இன்னொரு பயம். இன்றைக்கு மூன்று மாதப் பரிசோதனை. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

“என்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?” என்றாள் மாமியார், செருப்பை மாட்டிக்கொண்டே.

“சோப்பு பட்டுடுச்சு அத்தை.”

“ரெண்டு கண்லயுமா?”

“ஆமா.”

“நல்ல சோப்பு” என்றாள் மாமியார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் தானும் அழவேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

-

ஆய்வுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. வெளிறிய பச்சைச் சுவர், வரிசையாக நாற்காலிகள், மூலையில் தண்ணீர் இயந்திரம், அதன் தலையில் சின்னச் சின்னக் காகிதக் கோப்பைகள். அங்கே ஒரு நர்ஸ். மாத்திரை நேரத்தைச் சொல்லி வாராவாரம் போன் செய்கிறவள் என்பதால் மாமியார் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தாள், நேரிலும் அப்படியே கூப்பிடுவாள். நர்ஸுக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

“வாங்க க்ரீம் அம்மா! ஆளே மாறிட்டீங்களே! போன தடவ பாத்தப்ப இந்த வராண்டாவத் தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்தீங்க.”

“இப்ப மூணு மாடியும் படியேறித்தான் வந்தேன். லிப்ட்டுக்கு முன்னாடி கூட்டம்.”

உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன் அவள் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் கல்லாக வீங்கியிருந்தது. முதல் மாதம் முழுக்கப் படுக்கைதான். இரண்டாம் மாதம் எழுந்து நடந்தாள். போன மாதத்திலிருந்து பட்டறைக்கே இறங்கி வந்துவிட்டாள், கல்யாண சீசன் வேறு. விடியற்காலையில் க்ரீம் இயந்திரத்தின் சத்தம் மறுபடி கேட்டபோது மருமகள் ஓவன் கதவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள் என்று பதினோராவது அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன்.

கடிகாரம் ரத்தம் எடுத்தாள். எடை பார்த்தாள். பிறகு மாமியாரைப் படுக்க வைத்து மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தாள். இயந்திரம் கட்டம்போட்ட தாளைத் துப்பியது.

கடிகாரம் தாளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“இன்னொரு தடவ எடுத்துக்கறேன்மா. அசையாம இருங்க.”

“நான் எங்க அசைஞ்சேன்? மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.”

இரண்டாவது தாளும் வந்தது. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரம் வேகமாக வெளியே போனாள். மருமகள் எழுந்து நின்றாள். நர்ஸ் ஓடினால் விஷயம் பெரியது, இது யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

டாக்டர் வந்தார். நரை விழுந்த குட்டை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, அதிகம் பேசாத பெண்மணி. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அம்மா, மயக்கம், படபடப்பு ஏதாவது இருந்துச்சா?”

“ஒண்ணுமில்லையே.”

“உங்க இதயம் ஒரு தடவ துடிச்சதும், அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கும். அந்த நேரம் இழுத்துக்கிட்டுப் போகுது. போன தடவ இப்படி இல்ல. இதை இப்படியே விட்டா திடீர்னு தாளம் தப்பிடும். அது ஆபத்து.” டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இந்த மருந்து உடம்புல அளவுக்கு மேல ஏறினா இப்படி ஆகலாம். அதனாலதான் மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம் வெறும் வயித்துல இருங்கன்னு சொன்னோம். வயித்துல சாப்பாடு இருந்தா, அதுவும் கொழுப்புப் பண்டம் இருந்தா, உடம்பு மருந்த அள்ளிக்கும். அதுல ஏதாவது தவறிச்சா?”

“தவறறதா? இவ இருக்கும்போதா?” மாமியார் மருமகளைக் கைகாட்டினாள். “பக்கத்து வீட்டுல காபி வாசனை வந்தாக்கூட ஜன்னலச் சாத்தறா டாக்டர். போன வாரம் ஒரு பிஸ்கட்ட வாய்க்கிட்ட கொண்டு போயிட்டேன், புடுங்கிட்டா. பெத்த பொண்ணு பண்ணுவாளா இந்த அநியாயம்?”

“அப்ப ஒண்ணுமே சாப்பிடல?”

“பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் கிடையாது. என் பிள்ளை மேல ஆணை.”

டாக்டர் மருமகளைப் பார்த்தார். மருமகளும் தலையாட்டினாள். அவள் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பிஸ்கட்டைப் பிடுங்கியது சத்தியம், ஜன்னலைச் சாத்தியதும் சத்தியம்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “அப்ப சரியான அளவுல போயும் மருந்து இப்படிப் பண்ணுதுன்னுதான் அர்த்தம். நான் அப்படித்தான் எழுதணும். உங்கள இந்த மருந்துலேருந்து எடுத்துடணும். இன்னைய மாத்திரையப் போட வேண்டாம். ரத்த ரிசல்ட் கொஞ்ச நேரத்துல வந்துடும், வந்ததும் பேசலாம்.”

-

வராண்டா நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மருமகள் தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு என்ன சொல்வது? ‘உங்கம்மா ரத்தத்துக்குன்னு கொடுத்தது இதயத்துல கைய வெச்சிடுச்சு’ என்றா?

மாமியாருக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. அடுத்தவர்கள் சும்மா இருந்தால் அவளுக்கு எதையாவது பேசியாக வேண்டும்.

“இன்னைக்கு இங்க வந்துட்டேனா, அந்த எலுமிச்ச க்ரீம் என்ன கதியாச்சோ தெரியல. நான் நாக்குல வெக்காம ஒரு டப்பா கூட அந்தப் பட்டறைய விட்டு வெளிய போனதில்ல.”

மருமகள் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

“அத்தை. இப்ப என்ன சொன்னீங்க?”

“எலுமிச்ச க்ரீம்...”

“நாக்குல வெக்காமன்னு சொன்னீங்களே?”

“ஆமா. பின்ன, ருசி பாக்காமயா அனுப்புவாங்க?”

மருமகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மாத்திரை காலை எட்டு மணிக்கு. க்ரீம் அடிக்கிற நேரம் ஆறரையிலிருந்து எட்டரை. தினமும் அவள் கண்ணெதிரேதான் மாமியார் கரண்டியை விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, ‘ம்ஹும், இன்னும் கொஞ்சம்’ என்பாள். அந்தக் காட்சி ஓவனின் சூடு மாதிரி, சுவர்க் கடிகாரம் மாதிரி, பட்டறையோடு பட்டறையாக இருந்தது. பிஸ்கட்டைப் பார்த்த கண் கரண்டியைப் பார்க்கவில்லை.

“அத்தை, அதுவும் சாப்பாடுதானே!”

“எது? ருசி பாக்கறதா? போடி இவளே! சாப்பாடுன்னா தட்டு வெச்சு உக்காந்து பசிக்குச் சாப்பிடறது. ருசி பாக்கறது வேலை. தையக்காரன் ஊசிய வாய்ல கவ்வறான், அவன் இரும்பா சாப்பிடறான்?”

“ஊசிய அவன் முழுங்கறதில்ல!”

மாமியார் விடவில்லை. “அது நுனி நாக்குல பட்டும் படாம. அது ஒரு கணக்கா?”

மருமகள் எழுந்தாள். தண்ணீர் இயந்திரத்தின் தலையிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்தாள். ஒன்றில் தண்ணீர் பிடித்தாள், ஒன்றைக் காலியாக வைத்தாள். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள்.

“நேத்து காலைல என்னென்ன ருசி பாத்தீங்களோ, எவ்வளவு எவ்வளவோ, அப்படியே இதுலேருந்து அதுக்கு மாத்துங்க.”

“இதென்ன விளையாட்டு?”

“மாத்துங்க அத்தை.”

மாமியார் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தாள். “வெண்ணெய் க்ரீம். அடிக்க ஆரம்பிச்சதும் ஒண்ணு.” ஒரு துளி. “சக்கரை போட்டதும் ஒண்ணு. வெனிலா விட்டதும் ஒண்ணு.”

“அவ்வளவுதானா?”

“அதெப்படி? வெனிலா ஊறினப்புறம் பாக்க வேண்டாமா? அப்பத்தானே தெரியும்!” மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு ஸ்பூன். “சாக்லேட் க்ரீம். அது ரெண்டு சட்டி. மொத சட்டி நல்லா இருந்தா ரெண்டாவதும் நல்லா இருக்கும்னு சோம்பேறிதான் நெனைப்பா.” ஸ்பூன், ஸ்பூன். “கஸ்டர்ட். அது சூட்டுல ஒரு ருசி, ஆறினா ஒரு ருசி.” ஸ்பூன், ஸ்பூன். “சீஸ் க்ரீம், புளிப்பு சரியா இருக்கான்னு ஒரே தடவைல சொல்ல முடியாது.”

பாருங்கள் இந்தப் பெண்பிள்ளையை! குறைத்துச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் குறைத்துச் சொன்னால் சரியாக ருசி பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பழியை மட்டும் அவளால் தாங்க முடியாது. அதனால் ஒன்று விடாமல், நேர்மையாக, பெருமையாகக்கூட, மாற்றிக்கொண்டே போனாள்.

“கேக் ஓரத்த வெட்டும்போது துண்டு விழும், அது...” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். காலிக் கோப்பை இப்போது காலியாக இல்லை. விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றது.

“இவ்வளவா?” என்றாள் மாமியார்.

“இது தண்ணி அத்தை. அது வெண்ணெய்.”

மாமியார் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூப்பு தட்டாத முகம் அவளுக்கு, இந்த ஒரு நிமிடத்தில் அது தட்டிவிட்டது.

“நான் பொய் சொல்லல,” என்றாள் மெதுவாக. “பிள்ளை மேல ஆணை வெச்சேனே. அது சாப்பாடுன்னு எனக்குத் தோணவேயில்ல. தோணியிருந்தா வெப்பேனா?”

“எனக்கும் தோணல அத்தை. தெனம் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.”

“சொன்னா விரட்டிடுவாங்களா?”

“தெரியல. சொன்ன பேச்சக் கேக்கலன்னு எடுத்தாலும் எடுக்கலாம்.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னாலும் எடுத்துடுவாங்க. மருந்து சரியில்லன்னு எழுதிடுவாங்க.”

அந்தக் கடைசி வார்த்தை மாமியாரைச் சுட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“படிக்கட்டுல பாதில உக்காந்திருந்தவள எழுப்பிக் கொண்டு வந்து பட்டறையில நிறுத்தினதே அந்த மாத்திரதான். எழுந்து வந்ததாலதான் நான் கரண்டியத் தூக்கினேன். நான் பண்ணின கூத்துக்கு அதுமேல பழியப் போடச் சொல்றியா?”

“நான் எங்க அத்தை சொன்னேன்?”

ஆனால் மாமியார் கேட்கிற நிலையில் இல்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், டாக்டரின் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

-

டாக்டரின் மேஜையில், தாள்களுக்கு நடுவே, கோப்பையை வைத்தாள்.

“இது என்னம்மா?”

“நேத்து காலைல நான் சாப்பிட்டது. சாப்பிட்டேன்னு தெரியாமலே சாப்பிட்டது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெனிலா ஊறுவது வரை சொன்னாள். டாக்டரின் உதடு ஓரத்தில் முதலில் ஒரு சிரிப்பு தலைகாட்டியது. கஸ்டர்ட் வரும்போது அது மறைந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“எத்தனை நாளா?”

“பட்டறைக்கு இறங்கினதுலேருந்து. ஒரு மாசமிருக்கும்.”

“அதான் போன ரெண்டு தடவ வந்தப்ப எடுத்த ஈ.சி.ஜி. நல்லா இருந்துச்சு,” என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு மாமியாரைப் பார்த்தார். “அம்மா, உக்காருங்க. நீங்க இப்ப என்ன பண்ணினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். தப்பு.”

“அது நேத்து வரைக்கும். இப்ப பண்ணினதச் சொல்றேன். இந்த மாத்திரைய உங்கள மாதிரியே பல ஊர்ல பல பேரு சாப்பிடறாங்க. ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாது. ஒவ்வொருத்தர் உடம்பும் இந்த மருந்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுது. அந்த வார்த்தையெல்லாம் சேத்து வெச்சுத்தான், இனிமே இந்த நோய் வரப்போற ஆளுக்கு எதக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. உங்க வார்த்தைய நான் தப்பா எழுதியிருப்பேன். ‘ஒழுங்கா சாப்பிட்டும் இதயத்தத் தொந்தரவு பண்ணுது’ன்னு. வெண்ணெய் பண்ணினத மருந்து தலையில கட்டியிருப்பேன்.”

மாமியார் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத அத்தனை பேரும் அந்த அறைக்குள் வந்து தன்னைப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. தன் பட்டறைக் கரண்டி அவ்வளவு தூரம் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“அப்ப என்னை விரட்டலையா?” என்றாள்.

“அதுக்கு அப்புறம் வரேன். ரிசல்ட் வந்துடுச்சு.”

மாமியாரின் கை தானாக நகர்ந்து மருமகளின் கையைத் தேடிப் பிடித்தது. மூன்று மாதத்தில் இதுவரை அது நடந்ததில்லை.

டாக்டர் எண்ணைச் சொல்லவில்லை. “வாங்க, காட்டறேன். சொன்னா புரியாது” என்று எழுந்தார்.

அடுத்த அறையில் ஒரு மைக்ராஸ்கோப், அதோடு இணைத்த ஒரு திரை. டாக்டர் கண்ணாடித் தகடு ஒன்றைப் பொருத்தினார். திரையில் ஊதா நிறம் கொட்டியது. உருண்டை உருண்டையாக, பெரிதும் சின்னதுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடித்து, நெருக்கி, மூச்சுவிட இடமில்லாமல் வெள்ளணுக்கள்.

“இது யாருது?” என்றாள் மாமியார்.

“உங்களுது. நீங்க மொத மொத வந்த அன்னைக்கு எடுத்தது.”

“இதையா தூக்கிக்கிட்டு நடந்தேன்!”

டாக்டர் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பொருத்தினார். “இது இன்னைக்குக் காலைல கடிகாரம் எடுத்தது.”

அந்தப் பெயர் டாக்டர் வரைக்கும் போயிருக்கிறது என்று வேறொரு நாளாக இருந்தால் மாமியார் சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு அது காதில் விழவில்லை.

திரையில் வெளிர் சிவப்பு. வட்ட வட்டமாக, தெளிவாக, ஒன்றோடொன்று முட்டாமல் சிவப்பணுக்கள். நடுநடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு வெள்ளணு, அமைதியாக. டாக்டர் தகட்டை நகர்த்திக்கொண்டே போனார். போகப் போக அதே வெளிர் சிவப்பு. ஊதாக் கூட்டம் எங்கேயும் இல்லை.

மருமகளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சோப்பின் மேல் பழி போட இங்கே வழியில்லை. துடைக்கவும் தோன்றவில்லை.

“உங்க ரத்த அணுக்கள்ல ஒரு ஸ்விட்ச் மாட்டிக்கிட்டிருந்துச்சு,” என்றார் டாக்டர். “உங்க க்ரீம் மிஷின் ஸ்விட்ச் உள்ள சிக்கிக்கிட்டு நிக்காமலே ஓடினா எப்படி இருக்கும்? அப்படி. பெருகு பெருகுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இந்த மாத்திரை போய் அந்த ஸ்விட்ச்சோட பள்ளத்துல உக்காந்துக்கிச்சு. அந்த உத்தரவு நின்னு போச்சு. நூத்துக்கு எம்பதா இருந்த கெட்ட சங்கதி இப்ப ஒண்ணுக்கும் கீழ.”

மாமியார் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அப்படியே கேட்டாள்:

“இவ்வளவு பெரிய உடம்புல, அது இருக்கற எடத்துக்கு அந்த மாத்திரைக்கு யாரு வழி சொன்னா?”

இத்தனை வருஷமாக இதையே பார்க்கிற டாக்டரும் ஒருகணம் அந்தத் திரையைப் புதிதாகப் பார்த்தார்.

“யாரும் சொல்லலம்மா. அது எல்லா எடத்துக்கும் போகுது. தலை உச்சியிலேருந்து கால் நகம் வரைக்கும். எங்கயும் பொருந்தாது. அந்த ஒரு பள்ளத்துல மட்டும் பொருந்தும். அந்தப் பள்ளம் எப்படி இருக்குன்னு பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி செஞ்ச மாத்திரை இது. செஞ்சவங்க பாதி வாழ்நாள அதுக்கே கொடுத்திருப்பாங்க.”

“என்னை அவங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“எனக்கும் அவங்களத் தெரியாது,” என்றாள் மாமியார். “அவங்க எனக்காக உக்காந்து செஞ்சிருக்காங்களே!”

எழுதுகிற எனக்கே இந்த இடத்தில் பேனா ஓடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உள்ளே அது என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்.

பிறகு டாக்டர் நடைமுறைக்கு வந்தார்.

“திங்கக்கிழமை வரைக்கும் மாத்திரை கிடையாது. இதயம் சரியாகட்டும். தெனம் வந்து ஈ.சி.ஜி. எடுத்துக்கணும். திங்கக்கிழமை கோடு சரியாயிட்டா, நீங்க ரெண்டுல ஒண்ணு சொல்லணும். ஒண்ணு, ஆய்வுல இருந்து விலகி பழைய மாத்திரைக்கு மாறிக்கலாம். அதுவும் நல்ல மாத்திரதான், பட்டினி கிடக்க வேண்டாம், உங்க கரண்டிக்கும் ஆபத்தில்ல. இல்லன்னா இதுலயே தொடரலாம். தொடர்ந்தா, அந்த நேரத்துல நாக்குல ஒரு துளி கூடப் படக் கூடாது.”

“நடுவுல விடற நாள்ல அந்த ஊதா திரும்பி வந்துடுமா?” என்றாள் மருமகள்.

“இவ்வளவு நாள்ல வராதுன்னு நம்பறேன். ஆனா இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த நல்ல ரிசல்ட் சரியான அளவு மருந்தால வந்ததா, வெண்ணெயோட சேந்து கூடுதலாப் போனதால வந்ததான்னு எனக்கே தெரியாது. அது இனிமேதான் தெரியும்.”

மாமியார் மருமகளைப் பார்த்தாள். “நீ என்ன சொல்ற?”

“இந்தத் தடவ நான் வாயத் திறக்க மாட்டேன் அத்தை. உங்க உடம்பு. நீங்கதான் சொல்லணும்.”

மாமியார் திரையையே பார்த்தாள்.

-

கீழே இறங்கி மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது மருமகளின் போன் அடித்தது. லாரிக்காரன். அவசரத்தில் அவள் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள், எஞ்சின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

“என்னாச்சு? ரிசல்ட் வந்துச்சா?”

“வந்துச்சுங்க. ரத்தம் நல்லா இருக்கு. ஆனா... ஈ.சி.ஜி.ல கொஞ்சம்... மாத்திரைய இப்போதைக்கு நிறுத்தியிருக்காங்க.”

“நிறுத்திட்டாங்களா? இதயத்துலயா?” எஞ்சினை மீறி அவன் கத்தினான். “நான் அன்னைக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன்! கேட்டியா? எங்கம்மாவக் கொண்டு போய்ப் பரிசோதனையில தள்ளினது யாரு? நான் இல்லாத நேரம் பாத்துக் கையெழுத்து வாங்கினது யாரு? எல்லாத்துக்கும் நீதான் காரணம்!”

தெருவில் போகிற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் சொல்ல வேண்டிய வாக்கியங்களையெல்லாம் மூன்று மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தாள், ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

மாமியார் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

“ஆமாடா. எல்லாத்துக்கும் இவதான் காரணம்.”

மருமகள் விறைத்து நின்றாள்.

“நான் இன்னைக்கு மூணு மாடி ஏறிப் போனேன், அதுக்கு இவதான் காரணம். மாத்திரைய நிறுத்தினதுக்கு மட்டும் நான் காரணம், அது என் நாக்கு பண்ணின வேல, அதச் சொல்றேன். என்னோட ரத்தத்த நான் கண்ணால பாத்தேன்டா. அன்னைக்கு இருந்ததயும் பாத்தேன், இன்னைக்கு இருக்கறதயும் பாத்தேன்.”

“அம்மா, நீ என்ன சொல்ற? ஒண்ணும் புரியல. சத்தமா இருக்கு...”

“புரியாதுதான். வண்டிய ஓரமா நிறுத்து.”

“இங்கயா? லோடு இருக்கும்மா, நேரத்துக்குப் போய்ச் சேரணும்.”

“நிறுத்துன்னு சொல்றேன். இது வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கற விஷயம் இல்ல.”

மாமியார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மருமகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

மறுமுனையில் எஞ்சின் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

“சொல்லும்மா” என்றான் மகன்.